கண்டென்சர் மைக் எதையும் ஒடுக்குவதில்லை

'மலிவு விலை ஒடுக்கி ஒலிவாங்கியின் ஒலித்தரத்தை உயர்த்துவது எப்படி?' என்று தலைப்பிட்ட ஒரு குறிப்பைப் போன வாரம் நண்பர் அனுப்பியிருந்தார். ஆங்கிலத்திலிருந்து அவரே மொழிபெயர்த்தது. கண்டென்சர் மைக் என்பதுதான் அதில் 'ஒடுக்கி ஒலிவாங்கி' ஆகியிருந்தது. 'ஒடுக்கி ஒலிவாங்கி' என் கண்ணில் படுவது இது நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ. முதல் தடவை சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அதற்குள் அந்தச் சொல்லை நம்பி என் சித்தப்பா மகன் காசைக் கொட்டியிருந்தான்.

அவன் கதை படித்துப் பதிவு செய்கிறவன். வீடு ரயில் பாதையை ஒட்டி. வெளிச்சத்தம் விழாத மைக் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தவன், 'ஒடுக்கி' என்று போட்டிருந்ததும் சத்தத்தை ஒடுக்கும் போலிருக்கிறது என்று வாங்கிவிட்டான். பதிவைக் கேட்டால் ரயில், பக்கத்து வீட்டுக் குக்கர் விசில், மின்விசிறி உறுமல், மாடியில் யாரோ நாற்காலி இழுப்பது எல்லாம் தெளிவாக இருக்கின்றன. கண்டென்சர் மைக்கின் குணமே அதுதான். மூச்சு விட்டால்கூடப் பிடித்துக்கொள்ளும். "ஒடுக்கின்னு எழுதியிருந்தாங்களேண்ணா" என்றான். அவனைக் குறை சொல்ல முடியுமா? தமிழ் படிக்கத் தெரிந்தவன் அந்தச் சொல்லை அப்படித்தான் படிப்பான்.

கண்டென்சர் என்ற சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லத்தீனில் 'டென்சுஸ்' என்றால் அடர்ந்தது. அதிலிருந்து அடர்த்தியாக்குவது என்ற பொருளில் 'கண்டென்ஸ்'. மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் கருவிக்கு 1782-இல் இத்தாலியர் வோல்ட்டா 'கொண்டென்சத்தோரே' என்று பெயர் வைத்தார். சாதாரணக் கடத்தியைவிட அதிக அடர்த்தியில் மின்சாரத்தைத் தாங்கும் என்பதால் அந்தப் பெயர். 1916-இல் அமெரிக்காவில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் ஈ. சி. வென்ட் அதே தத்துவத்தில் மைக் செய்தார். அது கண்டென்சர் மைக் ஆயிற்று. பிறகு ஆங்கிலக்காரர்களே உதிரிப்பாகத்தின் பெயரை 'கெப்பாசிட்டர்' என்று மாற்றிக்கொண்டார்கள். மைக்குக்கு மட்டும் பழைய பெயர் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

நம் ஊரிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஃபேன் மெதுவாகச் சுற்றினால் எலக்ட்ரீசியன் மேலே ஒரு பார்வை பார்த்துவிட்டு "கண்டென்சர் வீக்" என்பார். கடையில் 2.5 மைக்ரோஃபாரட் என்று கேட்டு வாங்கி மாட்டுவார். அதே ஆளிடம் ஃப்ரிட்ஜைக் காட்டினால் பின்னாலிருக்கும் குழாய்ச்சுருளையும் கண்டென்சர் என்பார். இரண்டும் ஒன்றல்ல என்பது அவருக்குத் தெரியும். மொழிபெயர்ப்பாளருக்குத்தான் தெரியவில்லை.

கோளாறு தொடங்கும் இடம் இதுதான். இலங்கைப் பாடநூல்களில் ஆவி நீராவதை 'ஒடுங்கல்' என்பார்கள். ஒடுங்கச் செய்வது ஒடுக்கி. அந்த இடத்தில் அது நல்ல சொல். நம் பாடநூலின் 'ஆவி சுருங்குதல்' என்பதைவிடக் கச்சிதமானதும்கூட. ஆனால் மைக்குக்குள் எந்த ஆவி ஒடுங்குகிறது? அகராதியில் கண்டென்சர் என்ற தலைப்பைத் தேடி, கண்ணில் பட்ட முதல் பொருளை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். அதே இலங்கைப் பாடநூல் இந்த உதிரிப்பாகத்தைக் 'கொள்ளளவி' என்று அழகாகச் சொல்கிறது. சில பக்கம் தள்ளிப் புரட்டியிருந்தால் கிடைத்திருக்கும்.

நண்பரிடம் தொலைபேசியில் சொன்னேன். விடவில்லை. ஒடுக்கம் என்றால் செறிவு என்றும் கொள்ளலாம், வோல்ட்டா சொன்னதும் செறிவுதானே என்றார். கொள்ளலாமா? ஒடுக்கு என்றதும் தமிழன் மனதில் வருவது அடக்குமுறை. கொஞ்சம் பழைய வழக்குக்குப் போனால் குறளில் போருக்கு முன் பின்வாங்கிப் பதுங்கும் ஆட்டுக்கடா வரும். சித்தர் அடங்கிய இடம் வரும். வீட்டில் தகரம் ஒடுங்குவது வரும். செறிவு எங்கே வருகிறது? அப்படியே வந்தாலும், ஆங்கிலேயன் தூக்கிப் போட்ட பழம்பெயரை நாம் எதற்கு எழுத்தெண்ணிப் பெயர்க்க வேண்டும்? பெயரைப் பெயர்ப்பது வேறு, பொருளைப் பெயர்ப்பது வேறு.

பொருள் என்று பார்த்தால் தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரிந்த 'மின்தேக்கி'யே போதும். 'கொண்மி' என்றும் ஒரு சொல் உண்டு. கையடக்கமான சொல், எனக்குப் பிடிக்கும், ஆனால் பழகவில்லை. மின்தேக்கி மேல் ஒரு குறை சொல்கிறார்கள்: பேட்டரியும்தானே தேக்குகிறது, மைக் எதைத் தேக்குகிறது, ஒலியை மின்னாக மாற்றத்தானே செய்கிறது என்று. இங்கேதான் மைக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

தம்பியின் மைக்கை நான் கழற்றினேன். ஒடுக்காத மைக்கை அவனுக்கு ஓரளவாவது உதவும்படி செய்து கொடுக்கலாம் என்றுதான். கேபிளைப் பிடுங்கிச் சற்று நேரம் விட்டு, அடியிலுள்ள வளையத்தைத் திருகினால் உறை உருவிக்கொண்டு வரும். மேலே கம்பி வலைக்குள் காசு போல ஒரு வட்டு. அதன் முகத்தில் தங்கப்பூச்சுப் பூசிய பிளாஸ்டிக் சவ்வு, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு கனம். விரல் பட்டால் தீர்ந்தது. அதன் பின்னால் மயிரிழை இடைவெளி விட்டு ஓர் உலோகத் தட்டு. இரண்டு தட்டு, நடுவே காற்று: அதுவே ஒரு மின்தேக்கி. அதில் ஏற்றிய மின்னூட்டம் வெளியேற வேண்டுமானால் நூறு கோடி ஓம் அளவிலான மின்தடையைத் தாண்ட வேண்டும். பேச்சின் வேகத்துக்கு அது நடக்காது. ஆகவே மின்னூட்டம் தேங்கியே நிற்கிறது. தண்ணீர் கூடாமல் குறையாமல் நிற்கும் தொட்டியின் பக்கச்சுவரை முன்னும் பின்னும் அசைத்தால் நீர்மட்டம் ஏறி இறங்கும் அல்லவா? சவ்வு அசையும்போது மின்னழுத்தம் ஏறி இறங்குவதும் அப்படித்தான். தேங்கி நிற்பதால்தான் ஒலியே கிடைக்கிறது. எலெக்ட்ரெட் வகை மைக்கில் அந்தத் தேக்கம் நிரந்தரம்.

இன்னொன்று. மைக்கைத் திருத்துகிறவர்கள் முதலில் கை வைப்பது மின்சுற்றுப் பலகையிலுள்ள மலிவான வட்டுச் செராமிக் மின்தேக்கிகளில். அவற்றில் சில ரகம் தட்டினால் தாமே மின்சாரம் உண்டாக்கும். மைக்குக்குள் வேண்டாத ஒரு குட்டி மைக். அதை எடுத்துவிட்டுப் பாலிஸ்டைரீன் வகையைப் போடுவார்கள். நண்பரின் குறிப்பில் இந்த இடம் 'ஒடுக்கி ஒலிவாங்கியின் மின்தேக்கிகளை மாற்றுக' என்று இருக்கிறது. படிக்கிறவருக்கு ஒடுக்கி ஏதோ ஒன்று, மின்தேக்கி வேறொன்று. மின்தேக்கி ஒலிவாங்கி என்று எழுதியிருந்தால், காதாக இருப்பதும் மின்தேக்கி, அது கேட்டதை அடுத்த கட்டத்துக்குக் கடத்துவதும் மின்தேக்கி என்று ஒரே வரியில் பிடிபட்டிருக்கும்.

குறிப்பின் மற்ற இடங்களைச் சொன்னால் அழுகை வரும். அந்த வட்டை கேப்சூல் என்பார்கள். நண்பர் 'மாத்திரையைக் கழற்றவும்' என்கிறார். ஆங்கிலத்தில் டயாஃப்ரம் எனப்படும் சவ்வு அவர் கையில் 'உதரவிதானம்' ஆகிவிட்டது, மைக்குக்கு நுரையீரல் இருப்பது போல. ஒலி வரும் அதே இரண்டு கம்பிகளில் தனிக் கம்பி இல்லாமல் மைக்கை இயக்கும் 48 வோல்ட் போவதால் அதற்கு ஃபாண்டம் என்று பெயர். இவர் 'பேய் மின்சாரம்' என்கிறார். தூய தமிழ்ப் பித்து என்றுகூட இதைச் சொல்ல முடியாது. தூய தமிழ்க்காரர் பொருளை விசாரிப்பார். ஒரு தடவை ஸ்க்ரூடிரைவர் பிடித்திருந்தால், அல்லது பிடித்தவர் ஒருவரிடம் கேட்டிருந்தால், மாத்திரை வந்திருக்காது. பேச்சில் கண்டென்சர் மைக் என்றே இருக்கட்டும், எனக்கு ஒரு குறையும் இல்லை. எழுத்தில் தமிழாக்குகிறேன் என்று உட்கார்ந்தால் மட்டும் வேலை தெரிந்து செய்ய வேண்டும்.

தம்பி மைக்கின் கதை: கேப்சூல், ஜெர்மனியின் நாய்மன் நிறுவனம் 1960-இல் கொண்டுவந்த யு67 மைக்குக்கென வடித்த கே67-இன் நகல். அது உயர்சுருதியைத் தூக்கிக் கொடுக்கும். அசல் மைக்கில் அதைத் தணிக்க மின்சுற்றிலேயே ஏற்பாடு உண்டு. மலிவு நகல்களில் கேப்சூலை மட்டும் படியெடுத்துச் சுற்றை விட்டுவிடுகிறார்கள், அதனால் 'ச'வும் 'ஸ'வும் காதைக் குத்தும். சென்னை ரிச்சி தெருவில் நாலைந்து பாகம் வாங்கி வந்தேன். கடைக்காரர் "எந்த கண்டென்சர் சார்?" என்றார், நான் "பாலிஸ்டைரீன்" என்றேன், இருவருக்கும் விளங்கியது. செராமிக்கை மாற்றி, உயர்சுருதியைக் கொஞ்சம் தணிக்க ஒரு சிறு மின்தேக்கி சேர்த்து, வலையின் உள்ளடுக்கை வெட்டி எடுத்தேன். குத்தல் போயிற்று. ரயில் போகவில்லை, அதற்கு ஜன்னலில் கனத்த போர்வை தொங்குகிறது.

நண்பர் நேற்று அழைத்தார். ஒடுக்கியை எடுத்துவிட்டாராம். "மாத்திரை மட்டும் இருக்கட்டுமே, கேட்க நல்லாயிருக்கு" என்கிறார்.