டிஸ்சார்ஜ் சம்மரியில் இல்லாத காது

விபத்து நடந்து பல மாதம் கழித்துக் காது பரிசோதனைக்கு வருகிறவர்கள் கையில் ஒரு தடித்த ஃபைல் இருக்கும். மூளை சி.டி., கழுத்து எக்ஸ்ரே, காலில் பிளேட் வைத்ததற்கான சீட்டு, வயிற்று ஸ்கேன் என்று எல்லாம் அதில் இருக்கும். எவ்வளவு கேட்கிறது என்று அளந்து காட்டும் ஆடியோகிராம் மட்டும் இருக்காது. கேட்புத்திறனைச் சோதிக்கும் ஆடியோலஜிஸ்டாக நான் அடிக்கடி பார்ப்பது இதைத்தான்.

சிகிச்சை தந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மயக்க நிலையில் வருகிறவருக்கு முதலில் மூளைக்குள் ரத்தக்கசிவு இருக்கிறதா, மூச்சு சீராக இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமில்லாமல் தருகிறது. அந்த 48 மணி நேரத்தில் காதைப் பற்றி யாரும் பெரிதாக யோசிக்க மாட்டார்கள், அது இயல்புதான். சிக்கல் அதற்கு அப்புறம் வருகிறது. நியூரோ வார்டிலிருந்து எலும்பு வார்டு, அங்கிருந்து வீடு என்று போகும்போது காது யார் பொறுப்பிலும் இல்லாமல் நழுவிவிடுகிறது.

வீட்டுக்கு வந்தபின் நடப்பதும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். “அடிபட்டதுல இருந்து ஆள் ஒரு மாதிரி ஆயிட்டார், கூப்பிட்டா திரும்புறதே இல்ல, எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுறார்” என்பார்கள். மூளையில் அடிபட்டவர் என்பதால் எல்லாவற்றையும் அந்தக் கணக்கிலேயே எழுதிவிடுகிறார்கள். சோதித்துப் பார்த்தால் ஒரு காது அறவே கேட்காமல் இருக்கும், அல்லது இரண்டு காதிலும் கீச்சொலிகள் மட்டும் விழாமல் இருக்கும். பேச்சில் ச, த, ப போன்ற மெய்கள் தெளியாது. பேசுவது கேட்கும், என்ன பேசினார்கள் என்பது பிடிபடாது. எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

கேட்கும் உறுப்பு இருக்கும் இடம் காதுக்கு உட்புறம், பொட்டு எலும்புக்குள். உள்காதைச் சுற்றியிருக்கும் பகுதிதான் உடலிலேயே மிக இறுகிய எலும்பு. அதனால் விரிசல் விட்டாலும் பெரும்பாலும் உள்காதை விட்டு விலகியே ஓடும். அப்போது சேதம் நடுக்காதில் நிற்கும். அங்கே ரத்தம் தேங்கும், செவிப்பறை கிழியும், அல்லது சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற மூன்று சிற்றெலும்புகளின் தொடர்பு அறுந்துபோகும். விரிசல் உள்காதையே வெட்டிக்கொண்டு போனால் அந்தக் காது பெரும்பாலும் முழுதாகச் செவிடாகிவிடும். எலும்பு எதுவும் உடையாமல், அதிர்ச்சியிலேயே ஒலியை உணரும் உள்காதின் மயிரணுக்கள் நலிந்துபோவதும் உண்டு. “சி.டி. நார்மல்னு சொல்லிட்டாங்களே” என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். மூளைக்காக எடுக்கும் சி.டி.யில் காதெலும்பின் மெல்லிய விரிசல் தவறிப்போகலாம், அதற்கென மெல்லிய அடுக்குகளில் எடுக்கும் ஸ்கேன் தனி. மயிரணு சேதமோ எந்த ஸ்கேனிலும் தெரியாது. அதை ஆடியோகிராம்தான் காட்டும்.

முதல் சில நாட்களில் வீட்டார் கண்ணில் படக்கூடியவை சில இருக்கின்றன. காதிலிருந்து ரத்தம் வருவது, காதுக்குப் பின்னால் ஓரிரு நாள் கழித்து நீலம்பாரித்துப்போவது, முகம் ஒரு பக்கம் கோணுவது. இவற்றை உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். முகம் கோணியது அடிபட்ட அந்த நொடியிலேயா, சில நாள் கழித்தா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், சிகிச்சை அதை வைத்து மாறும். தாமதமாக வந்த கோணல் பெரும்பாலும் மருந்திலேயே சரியாகும்.

இவற்றைவிட எனக்கு அதிகக் கவலை தருவது காதிலிருந்தோ மூக்கிலிருந்தோ தெளிந்த நீர் சொட்டுவது. குனிந்தால் அதிகமாகும், தலையணை ஈரமாகும். “சளி பிடிச்சிருக்கு” என்று விட்டுவிடுகிறார்கள். அது மூளையைச் சுற்றியிருக்கும் நீராக இருக்கலாம். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்துக்குள் தானே அடைபடும் என்றாலும், அந்த வழியே கிருமி ஏறினால் மூளைக்காய்ச்சல் வரும். இந்த நேரத்தில் காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றுவது, பூண்டுச்சாறு விடுவது, கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தைப் போடுவது, பட்ஸ் விட்டுக் குடைவது எதுவுமே கூடாது. பஞ்சை இறுக்கி அடைக்கவும் வேண்டாம். மூக்கைப் பலமாகச் சிந்த வேண்டாம்.

எப்போது கேட்புச் சோதனை எடுப்பது? ஆள் உட்கார்ந்து, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கும் அளவுக்குத் தெளிந்ததும் ஒன்று எடுத்துவிட வேண்டும். அப்போது நடுக்காதில் ரத்தம் இருந்தால் கேட்பு குறைந்துதான் காட்டும், பயப்பட வேண்டாம். சில வாரங்களில் ரத்தம் வடிந்துவிடும், கிழிந்த செவிப்பறையும் பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தானே மூடிக்கொள்ளும். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து இரண்டாம் சோதனை எடுத்தால் எது தேறியது, எது தேறவில்லை என்று தெரிந்துவிடும். செவிப்பறை மூடிய பிறகும் குறை அப்படியே நின்றால் சிற்றெலும்புத் தொடர்பு அறுந்திருக்கலாம் என்று சந்தேகிப்போம். அதை அறுவை செய்து சீராக்க முடியும், நல்ல பலனும் கிடைக்கும். ‘நரம்பு போயிடுச்சு, இனி ஒண்ணும் பண்ண முடியாது’ என்று யாரோ சொன்னதை நம்பி, சரிசெய்யக்கூடிய காதோடு வருடக்கணக்கில் இருக்கிறவர்கள் உண்டு.

இரண்டு காதும் கேட்காமல் போனவர் விஷயத்தில் மட்டும் காத்திருக்கக் கூடாது. உள்காது உடைந்திருந்தால், உள்காதில் கேட்கும் பகுதியான நத்தைக் கூட்டுக்குள் நாளடைவில் எலும்பு வளர்ந்து அடைத்துக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. அப்புறம், நரம்புக்கு நேரடியாக ஒலிக்குறிப்பு தரும் காக்ளியர் இம்ப்ளான்ட் கருவியை அதற்குள் பொருத்துவது கடினமாகிவிடும். இவர்களை ஆரம்பத்திலேயே ஈ.என்.டி. மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். நினைவு திரும்பாதவருக்கும் ஒலிக்கு நரம்பும் மூளையும் தரும் மின்பதிலைப் பதிவுசெய்யும் பெரா என்ற சோதனையால் கேட்பை அளக்க முடியும்.

ஐ.சி.யு.வில் நீண்ட நாள் இருந்தவர்களிடம் இன்னொன்றையும் கேட்பேன்: அமிக்காசின், ஜென்டாமைசின் போன்ற ஆன்டிபயாடிக் ஊசிகள் போட்டார்களா? உயிர் காக்கத் தேவைப்பட்ட மருந்துகள்தான், ஆனால் உள்காதைப் பாதிக்கக்கூடியவை.

தலைசுற்றலுக்கு வருவோம். படுக்கையில் புரண்டால், மேலே அண்ணாந்து பார்த்தால் சில விநாடி அறையே சுழன்று பிறகு நின்றுவிடுகிறதா? அடிபட்டதில் இடம்பெயர்ந்த உள்காதின் கால்சியத் துகள்கள்தான் காரணமாக இருக்கும். கழுத்தெலும்பில் காயமில்லை என்று உறுதியானதும், தலையை வரிசையாகத் திருப்பிச் செய்யும் எப்லி முறையில் பெரும்பாலும் சில தடவைகளில் அடங்கிவிடும். இதற்காக மாதக்கணக்கில் தலைசுற்றல் மாத்திரை சாப்பிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும். காதுக்குள் கேட்கும் இரைச்சல் அவ்வளவு சுலபமில்லை. சில்வண்டு கத்துவதுபோல் இருக்கிறது என்பார்கள், ராத்திரியில் அதிகமாகும். அதை அணைக்க மாத்திரை கிடையாது. கேட்புக்குறை இருந்தால் காதுக் கருவி போட்டதும் பலருக்கு இரைச்சல் மட்டுப்படும். அறையை நிசப்தமாக வைக்காமல் ஃபேன் சத்தமோ மெல்லிய பாட்டோ ஓடவிட்டால் தூக்கம் வரும்.

ஆடியோகிராம் சரியாக இருந்தும் “கூட்டத்துல புரியல” என்பவர்களும் உண்டு. ஒலி மூளைக்குப் போய்ச் சேர்கிறது, அங்கே அதைப் பிரித்தறிவதில்தான் தடை. நடிக்கிறார் என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். கல்யாண மண்டபத்தில் வைத்துப் பேசாமல் ஓரமாக அழைத்துப் போய், முகத்துக்கு நேரே, ஒவ்வொருவராகப் பேசிப் பாருங்கள்.

ஒரு காது மட்டும் போனவர், “இன்னொண்ணுதான் இருக்கே” என்று மறுபடி வண்டியை எடுக்கிறார். ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று அறிய இரண்டு காதும் வேண்டும். ஹாரன் கேட்கும், எந்தப் பக்கம் என்று தெரியாது. சாலையைக் கடக்கும்போதும் அதே ஆபத்துதான். இதற்கென கிராஸ் என்ற கருவி வகை இருக்கிறது, செவிடான பக்கத்து ஒலியை நல்ல காதுக்குக் கடத்தித் தரும். பேச்சைப் பிடிக்க உதவும், திசையைச் சொல்லாது.

கடைசியாக, சான்றிதழ். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இரண்டு காதுகளின் கேட்பையும் கணக்கில் எடுக்கிறது. நல்ல காதுக்கு ஐந்து பங்கு, மோசமான காதுக்கு ஒரு பங்கு என்ற வாய்பாட்டில் போட்டால், ஒரு காது முழுதாகப் போய் இன்னொன்று நன்றாக இருப்பவருக்கு ஏறக்குறைய 17 சதவீதம்தான் வரும். பெரும்பாலான சலுகைகளுக்கு 40 தேவை. ஆனால் விபத்து இழப்பீட்டு வழக்கு வேறு. அங்கே அந்தக் குறை உங்கள் வேலையை எப்படிப் பாதிக்கிறது என்பதும் பார்க்கப்படும். அதற்கு, விபத்து நடந்த சில வாரங்களுக்குள் எடுத்த ஆடியோகிராம் கையில் இருப்பது நல்லது. இரண்டு வருடம் கழித்து எடுத்ததைக் கொண்டுபோய்க் காட்டினால், இது முன்பே இருந்த குறை என்று எதிர்த்தரப்பு வக்கீல் வாதிடுவார். அப்போது என்னைப் போன்றவர்கள் சாட்சிக்கூண்டில் ஏறினாலும், இந்தக் குறை எந்தத் தேதியில் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது.