‘கரண்ட்’ என்று எதைச் சொல்கிறோம்?

“வீட்டில் ‘கரண்ட் போச்சு’ என்கிறோம். ஆங்கில வகுப்பில் ‘பவர் கட்’ என்று எழுதச் சொல்கிறார்கள். நாம் சொல்வது தப்பா?” என்று திருப்பாதிரிப்புலியூரிலிருந்து பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்.

தப்பில்லை. ஆங்கிலேயர் அந்த இடத்தில் ‘பவர்’ என்பார்கள், அவ்வளவுதான். புதுச்சேரியில் பிரெஞ்சு பேசுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்; மின்வெட்டுக்கு அவர்கள் சொல்வது ‘கூப்யூர் து கூரான்’, அதாவது கரண்ட் வெட்டு. கூரான், கரண்ட் இரண்டுக்கும் வேர் ஒன்றே: ‘ஓடு’ என்று பொருள்படும் லத்தீன் வினைச்சொல். கடல் நீரோட்டமும் கரண்ட்தான், பணம் புழங்கிக்கொண்டே இருக்கும் வங்கிக் கணக்கும் கரண்ட் அக்கவுண்ட்தான். ஓம் விதியில் கரண்டுக்கு ‘ஐ’ என்ற எழுத்து வந்ததும் பிரெஞ்சு வழியாகத்தான். பிரெஞ்சு அறிஞர் ஆம்பியர் அதை ‘ஓட்டத்தின் செறிவு’ என்று குறிப்பிட்டார். செறிவுக்கான பிரெஞ்சுச் சொல்லின் முதல் எழுத்து அது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வெவ்வேறு அளவுகளுக்கு நாம் இந்த ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். டெஸ்டர் எரிந்தால் ‘கரண்ட் இருக்கு’ என்கிறோம். எதுவும் செருகாத பிளக்கில் ஓட்டமே கிடையாது, இருப்பது வோல்டேஜ், அதாவது ஓட்டத்தைத் தள்ளும் அழுத்தம். ‘கரண்ட் பில்’ காட்டுவது ஆற்றலை: 1,000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 75 வாட் மின்விசிறி அந்த ஒரு யூனிட்டில் 13 மணி 20 நிமிடம் சுற்றும். இந்தக் கலப்பால் யாருக்கும் நஷ்டமில்லை.

நஷ்டம் தரும் வாக்கியம் ஒன்று உண்டு: ‘கரண்ட் கம்மியா வருது.’ பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கம் போர்வெல் மோட்டார் வைத்திருப்பவர்கள் இதைச் சொல்லாத நாள் குறைவு. இஸ்திரிப் பெட்டிக்கு இது பொருந்தும். வோல்டேஜ் குறைந்தால் அதில் கரண்டும் குறையும், சூடு ஏறாது. மோட்டாரிலோ நேர்மாறு. தூக்க வேண்டிய தண்ணீர் குறையவில்லை. 415 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 340 வந்தால், அதே வேலையை முடிக்க மோட்டார் கூடுதலாகக் கரண்டை இழுக்கும். சூடு கரண்டின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும்: 10 ஆம்பியர் 13 ஆனால் காயிலில் பிறக்கும் வெப்பம் கிட்டத்தட்ட 70 சதவீதம் கூடிவிடும். கம்பி மேல் பூசிய எனாமல் கருகும், சுற்றுகள் ஒன்றோடொன்று தொடும், காயில் போகும். கரண்ட் அளவு மீறினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலே அடிக்கடி டிரிப் ஆகிறதே என்று அதன் திருகை மேலே ஏற்றி வைப்பவர்கள், காப்பாற்ற வந்தவன் கையைக் கட்டிப்போடுகிறார்கள். மோட்டாரின் தகட்டில் பொறித்திருக்கும் ஆம்பியர் அளவைத் தாண்டி அந்தத் திருகு போகவே கூடாது.

சரி, உண்மையில் ஓடுவது எது? நெய்வேலியில் நிலக்கரி எரித்துச் செய்த கரண்ட், கம்பி வழியாகக் கடலூருக்கு வருகிறது என்று நினைக்கிறோம். வரவே இல்லை என்பதுதான் இதில் என்னை மிகவும் கவர்ந்த விஷயம். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் ஒரு ஆம்பியர் பாயும்போது எலக்ட்ரான்கள் நகரும் சராசரி வேகம் மணிக்கு சுமார் 26 சென்டிமீட்டர். பேட்டரிக் கரண்ட் போல ஒரே திசையில் ஓடினால்கூட, நெய்வேலியிலிருந்து 40 கிலோமீட்டர் கடந்து கடலூர் வர 17 ஆண்டுகள் ஆகும். நம் வீட்டு மின்சாரமோ ஒரே திசையில் ஓடுவதில்லை, நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் ஆடுகிறது. கணக்குப் போட்டால் ஒவ்வோர் ஆட்டத்திலும் எலக்ட்ரான் நகரும் தூரம் ஒரு மயிரிழைத் தடிமனில் நூறில் ஒரு பங்கு. அதோடு தெருமுனை டிரான்ஸ்பார்மரை எண்ணிப் பாருங்கள். அதில் 11,000 வோல்ட் சுருளுக்கும் வீட்டுப் பக்கச் சுருளுக்கும் இடையே கம்பித் தொடர்பே இல்லை. இரண்டையும் இணைப்பது இரும்புக் கருவில் ஓடும் காந்தப் புலம் மட்டுமே. ஆகவே உங்கள் மின்விசிறிக் கம்பியில் ஆடும் எலக்ட்ரான்கள், கம்பி வாங்கிய அன்றே அதற்குள் இருந்தவை.

மத்துக் கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள். இழுக்கிறோம், விடுகிறோம், மறுபடி இழுக்கிறோம். கயிறு எங்கும் போகவில்லை, ஆனால் தயிர் கடைபட்டு வெண்ணெய் திரள்கிறது. கையின் உழைப்பு கயிறு வழியாகப் பானைக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. நெய்வேலி இழுக்கிறது, கடலூரில் மின்விசிறி சுற்றுகிறது. அந்த இழுப்பு மட்டும் ஒளியின் வேகத்தை நெருங்கி, ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்குள் வந்துவிடுகிறது.

இது தெரிந்தால் ஓர் உயிரைக் காப்பாற்றலாம். ‘கரண்ட் அடிச்சிடுச்சு’ என்பது நாம் சரியாகச் சொல்லும் வாக்கியம். உடம்பைக் கெடுப்பது அதற்குள் ஓடும் கரண்ட்தான். ஒரு மில்லி ஆம்பியரில் சுருக்கென்று தெரியும். பத்தைத் தாண்டினால் விரல்கள் முறுக்கி, பிடித்ததை விட முடியாது. நூறை நெருங்கினால் இதயம் துடிக்காமல் வெறுமனே நடுங்கத் தொடங்கும். ஈரமான உடம்பின் மின்தடை சுமார் 1,000 ஓம் என்றால் 230 வோல்ட்டில் பாய்வது 230 மில்லி ஆம்பியர். 9 வாட் எல்இடி பல்பு எரியவே ஏறத்தாழ 40 வேண்டும் என்பதோடு ஒப்பிட்டால் எவ்வளவு சிறிய ஓட்டம் ஆளைக் கொல்கிறது என்பது புரியும்.

ஆனால் அடிபட்டவரை மண்ணில் புதைத்தால் ‘உடம்பில் ஏறிய கரண்ட் இறங்கும்’ என்ற நம்பிக்கை இன்னும் இருக்கிறது. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் அங்கே ஒன்றுமில்லை. தொடர்பு அறுந்த நொடியிலேயே ஓட்டம் முடிந்துவிட்டது. உடம்பில் மிச்சம் கிடையாது, அவரைத் தொடுகிறவருக்கு ஷாக்கும் அடிக்காது. மூளைக்கு ரத்தம் போகாவிட்டால் நான்கைந்து நிமிடத்தில் சேதம் தொடங்கிவிடும், குழி தோண்டுவதற்குள் அந்த நிமிடங்கள் தீர்ந்துபோகும். இதைப் பள்ளிப் பாடத்தில் ஒரு வரியாக மட்டும் விடாமல் ஒவ்வொரு மீட்டர் பெட்டியிலும் ஒட்ட வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் மெயினை அணைக்க வேண்டும். முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் அவரைக் கம்பியிலிருந்து விலக்கலாம். இது வீட்டு வயருக்கு மட்டும். புயலில் அறுந்து விழுந்த தெருக் கம்பியை நெருங்கவே கூடாது, மின்வாரியம் இணைப்பைத் துண்டிக்கும்வரை தள்ளி நிற்க வேண்டும். விடுபட்டவருக்கு மூச்சு இல்லையென்றால் 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, மார்பின் நடுவே இரு கைகளாலும் ஐந்து சென்டிமீட்டர் ஆழம் இறங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள்.

வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தால் இந்த நிலை பெரும்பாலும் வராது. போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். உடம்பு வழியாகக் கசிந்து கணக்கு குறைந்தால் உடனே துண்டித்துவிடும். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று அதன் உள்ளுறுப்புகளை இறுக வைக்கும். மாதம் ஒரு முறை அதிலுள்ள ‘டெஸ்ட்’ பொத்தானை அழுத்திப் பாருங்கள். உடனே விழவில்லையென்றால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.