முதல் மருந்து கேட்காதபோது

மனச்சோர்வுக்கு மாத்திரை தொடங்கிய இரண்டு, மூன்று வாரத்தில் பலர் சொல்வது இதுதான்: "எனக்கு மருந்து கேக்கல." குமட்டலும் தலைபாரமும் வந்துவிட்டன, மனம் மட்டும் அப்படியே கிடக்கிறது. இதற்கு அடுத்து வரும் எண்ணம்தான் ஆபத்தானது: "எனக்கு எந்த மருந்துமே கேட்காது." முதலில் சொன்னது சில நேரம் உண்மையாக இருக்கலாம். அதை வைத்து இரண்டாவதை முடிவு கட்ட எந்த ஆதாரமும் இல்லை.

இந்தக் கேள்வியைப் பெரிய அளவில் கேட்ட ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தின் நிதியில் 2001-ல் தொடங்கிய 'ஸ்டார்-டி' ஆய்வில் 4,041 பேர் சேர்ந்தார்கள். எல்லோருக்கும் முதலில் சிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரை. ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அறிகுறிகள் கிட்டத்தட்ட முழுவதும் விலகின. மீதிப் பேரில் ஒரு பகுதியினருக்கு செர்ட்ராலின், வென்லாஃபாக்சின், புப்ரோபியான் ஆகிய மூன்றில் ஒன்றைக் குலுக்கல் முறையில் மாற்றிக் கொடுத்தார்கள். எதைக் கொடுத்தாலும் சுமார் நான்கில் ஒருவர் தேறினார். இவற்றில் செர்ட்ராலினும் சிட்டலோபிராம் வகையையே சேர்ந்தது. அதே வகையில் ஒன்று தோற்ற பிறகும் இன்னொன்று சிலருக்குக் கைகொடுத்தது.

அப்போதும் தேறாதவர்களுக்கு மறுபடி மருந்தை மாற்றிப் பார்த்த மூன்றாம், நான்காம் கட்டங்களில் தேறியவர்கள் நூற்றுக்குப் பதின்மூன்று, பதினான்கு பேர்தான். நான்கு கட்டங்களையும் கூட்டினால் 67 சதவீதம் பேர் தேறுவார்கள் என்று 2006-ல் சொல்லப்பட்டது. ஆய்வின் அசல் திட்டப்படி மறுபடி கணக்குப் போட்டவர்கள் 2023-ல் அது 35 சதவீதம்தான் என்றார்கள். இந்தத் திருத்தத்தை நோயாளிகளிடம் மறைக்கக் கூடாது என்பது என் கருத்து. தேடல் நீளக்கூடும் என்று முன்கூட்டியே தெரிந்தவர், இரண்டாவது மருந்திலும் பலன் தெரியாதபோது தன்னையே குற்றம் சொல்லிக்கொள்ள மாட்டார்.

சரி, ஏன் இவ்வளவு தாமதம்? எஸ்சிட்டலோபிராம் போன்ற மாத்திரை, நரம்புச் செல்கள் வெளியிட்ட செரோடோனினைத் திரும்ப உறிஞ்சும் வாயிலைச் சில மணி நேரத்திலேயே அடைத்துவிடுகிறது. ஆனால் செரோடோனின் கூடியதும், அதைச் சுரக்கும் செல்லின் உடலில் உள்ள உணரிகள் "போதும்" என்று சொல்லிச் சுரப்பைக் குறைத்துவிடுகின்றன. அந்த உணரிகள் மந்தமாக இரண்டு, மூன்று வாரம் ஆகும். அதன் பிறகே சுரப்பு பழைய வேகத்துக்குத் திரும்புகிறது. தாமதத்துக்குச் சொல்லப்படும் முக்கிய விளக்கம் இது. நரம்பு இணைப்புகள் மெல்ல மாறுவதும் இன்னொரு காரணமாகச் சொல்லப்படுகிறது. பக்க விளைவு முதல் நாளே வருவதும் பலன் பிந்தி வருவதும் இதனால்தான்.

டோஸ் விஷயத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. மூளை ஸ்கேன் ஆய்வுகளில், வழக்கமான குறைந்தபட்ச டோஸிலேயே இந்த வாயில்களில் 80 சதவீதம் அடைபடுவது தெரிந்தது. அதற்கு மேல் டோஸை ஏற்ற ஏற்றக் கூடுதலாக அடைபடுவது கொஞ்சமே, பக்க விளைவோ கூடிக்கொண்டே போகும். சிலருக்குத் தொடக்கத்தில் தரும் 5 மில்லிகிராமிலேயே நின்றுவிட்ட எஸ்சிட்டலோபிராமை 10-க்கு ஏற்றுவது அவசியமான படி. ஏற்கெனவே உச்சத்தில் இருப்பதை இன்னும் ஏற்றுவதில் பெரும்பாலும் லாபம் இல்லை.

பலன் இருக்கிறதா இல்லையா என்பதை ஞாபகத்தை நம்பி முடிவு செய்யக் கூடாது. மனச்சோர்வில் இருக்கும் மனம் நேற்றையும் இருட்டாகவே காட்டும். இதற்காகவே பிஎச்க்யூ-9 என்ற ஒரு பக்கப் படிவம் இருக்கிறது. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்விகள். 'இல்லவே இல்லை' என்றால் 0, 'ஏறக்குறைய தினமும்' என்றால் 3, மொத்தம் 27. தொடங்கியபோது 19 வாங்கியவர் நான்காவது வாரம் 13 வாங்கியிருக்கலாம். தூக்கமும் பசியும் திரும்பியிருக்கும், ஆனால் எதிலும் ஆசை வராததால் "ஒரு மாற்றமும் இல்லை" என்பார். அந்த மருந்தை அப்போது தூக்கிப் போடுவது தவறு. மாறாக, சரியான டோஸில் நான்கு வாரம் தவறாமல் எடுத்தும் எண் அசையவே இல்லையென்றால், காத்திருப்பதில் பயன் குறைவு.

படிவத்தின் ஒன்பதாவது கேள்வி, செத்துப் போனால் தேவலை என்ற எண்ணம் பற்றியது. 25 வயதுக்குக் கீழானவர்களுக்குத் தொடக்க வாரங்களிலும் டோஸ் மாற்றும்போதும் அந்த எண்ணம் கூடக்கூடும் என்பதால் வீட்டார் கூடவே இருந்து கவனிக்க வேண்டும். எந்த வயதினருக்கு அந்த எண்ணம் வந்தாலும் அடுத்த அப்பாயிண்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் பேசலாம்.

ஒரே டோஸ் எல்லா உடலிலும் ஒரே அளவாக நிற்பதில்லை. எஸ்சிட்டலோபிராமைச் சிதைப்பதில் கல்லீரலின் சிஒய்பி2சி19 என்சைமுக்குப் பெரிய பங்கு. அது பிறவியிலேயே வேகமாக உள்ளவர் ரத்தத்தில் மருந்து போதிய அளவு தங்காமல் போகலாம். மந்தமாக உள்ளவருக்குச் சிறு டோஸே அதிகமாகிவிடும். புகை பிடிப்பவரின் உடலில் டுலோக்செடின் என்ற மனச்சோர்வு மருந்தின் அளவு மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசினும் பல மனச்சோர்வு மருந்துகளின் அளவைக் குறைத்துவிடும். மருந்து எதிர்ப்புக் காசநோய்க்கான லினசோலிட் இதற்கு நேர் எதிர். செரோடோனினைச் சிதைக்கும் என்சைமைத் தடுப்பதால் அதை இந்த மாத்திரைகளோடு சேர்த்தால் செரோடோனின் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். முதல் மனச்சோர்வு மருந்துகளில் ஒன்றான இப்ரோனியசிட்டே காசநோய் மருந்தாக வந்ததுதான். 1952-ல் நியூயார்க்கின் சீ வியூ மருத்துவமனையில் அதை எடுத்த நோயாளிகள் உற்சாகமாகிவிட்டதைப் பார்த்துத்தான் மருத்துவர்களுக்குப் பொறி தட்டியது.

சில சமயம் மருந்தில் கோளாறு இருக்காது, நோயைக் கண்டுபிடித்ததில் இருக்கும். மூன்று மணி நேரம் தூங்கியும் களைப்பே இல்லாமல், பேச்சும் செலவும் தலைகால் தெரியாமல் ஓடிய நாட்கள் முன்பு எப்போதாவது உண்டா? இருந்தால் அது, மிகை உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவக் கோளாறாக இருக்கலாம். அதற்குத் தனியாக மனச்சோர்வு மாத்திரை மட்டும் கொடுப்பது நிலைமையை மோசமாக்கலாம். அந்த நாட்கள் நோயாகவே தெரியாததால் நோயாளி தானாகச் சொல்ல மாட்டார், உடன் வந்தவரிடம்தான் கேட்க வேண்டும். தைராய்டு குறைவு, பி12 பற்றாக்குறை, தினசரிக் குடி ஆகியவையும் எந்த மாத்திரையையும் தோற்கடிக்கக்கூடும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் பலன் இல்லையென்றால்தான் மாற்றுவதா, சேர்ப்பதா என்ற கேள்வி. பொதுவாக, துளியும் பலன் தராததையும் தாங்க முடியாத பக்க விளைவு தருவதையும் மாற்றுவார்கள். பாதி பலன் தந்ததை விடாமல், லித்தியம் போன்ற ஒன்றைச் சேர்ப்பார்கள். மாற்றுவதை நோயாளி தானாகச் செய்யவே கூடாது. வென்லாஃபாக்சினைச் சட்டென நிறுத்தினால் ஓரிரு நாளில் தலைசுற்றலும் தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வும் வரலாம். ஃப்ளூஆக்செடினோ வாரக்கணக்கில் உடலில் தங்குவதால் சில மருந்துகளைத் தொடங்க ஐந்து வாரம் இடைவெளி விட வேண்டும்.

இரண்டு மருந்துகளைச் சரியான டோஸில், போதுமான காலம் எடுத்தும் தேறாத நிலையையே மருத்துவர்கள் சிகிச்சைக்கு மசியாத மனச்சோர்வு என்கிறார்கள். அப்போதும் வழி இருக்கிறது. சினிமாக்கள் பயமுறுத்தி வைத்திருக்கும் மின் அதிர்வு சிகிச்சை, மயக்கம் கொடுத்துச் செய்யப்படுவது. சில நினைவுகள் மங்கலாம் என்றாலும், கடும் மனச்சோர்வுக்கு இன்றும் அதற்கு ஈடான சிகிச்சை அரிது. 2019-ல் அமெரிக்காவில் எஸ்கெட்டமின் மூக்கு ஸ்ப்ரேக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் அந்தக் கட்டத்துக்கு உண்மையிலேயே வந்துவிட்டோமா என்று தெரிய, பழைய மருந்துச் சீட்டுகள் வேண்டும். மருந்தின் பெயர், எட்டிய உச்ச டோஸ், எத்தனை வாரம் எடுத்தது, எதனால் நிறுத்தியது ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். "மூணு மருந்து பார்த்தாச்சு, எதுவும் கேக்கல" என்று வருபவரின் தாளில், மூன்றுமே பத்து நாளில் நிறுத்தப்பட்டவை என்று இருந்தால், அவருக்கு முதல் மருந்தையே இன்னும் முறையாகக் கொடுத்துப் பார்க்கவில்லை.