கேப்டன் பட்டையை யார் கையில கட்டுறதுன்னு யோசிக்கிற டீம்காரங்களுக்கு

நான் கோச் இல்லீங்க, ஃபிசியோதெரபிஸ்ட். பாலக்காடு எல்லையில கொழிஞ்சாம்பாறை, சித்தூர், மீனாட்சிபுரம் பக்கம் செவன்ஸ் ஆட்டம், அதாவது டீமுக்கு ஏழு பேரு ஆடுற ஃபுட்பால், சூடு பிடிச்சா முட்டி, கணுக்கால் கேஸ்தான் வரிசையா வரும், ராத்திரி மேட்ச்னா ஐஸ் பாக்ஸோட டச்லைன்ல நானும் நிப்பேன். அங்க நின்னு பாத்ததுல ஒண்ணு சொல்றேன், சின்னதா முடிய வேண்டிய காயம் பெருசாகறதுல கேப்டனுக்கும் பங்கு இருக்கு.

நம்ம பக்கம் கேப்டன் எப்படி ஆகறாங்க? நிறைய கோல் அடிக்கிறவன், இல்லன்னா ஜெர்சிக்கு காசு குடுத்தவரோட பையன், அதுவும் இல்லன்னா சத்தமா கத்துறவன். கோல் அடிக்கிறவன்தான் கேப்டன்ங்கற நெனப்புக்கு கேரளாவுல ஒரு பழைய பெருமையும் இருக்கு, 1973ல எர்ணாகுளத்துல சந்தோஷ் டிராஃபி (மாநில டீமுங்க மோதுற தேசிய ஃபுட்பால் போட்டி) ஃபைனல்ல ரயில்வேஸை 3-2ன்னு அடிச்சு கேரளா முதல் தடவ கோப்பைய தூக்கினப்போ அந்த மூணு கோலும் கேப்டன் மணி அடிச்சது. மறுக்க முடியாது. ஆனா மணி மாதிரி கோல் அடிக்கறதும் கேப்டன் குணமும் சேந்து அமையறது அபூர்வம்ங்க. 1998 உலகக்கோப்பை ஃபைனல்ல பிரான்ஸுக்கு ரெண்டு கோல் அடிச்சது ஜிடான், கேப்டனா கோப்பைய வாங்கினது டெஷாம்ப், நடுவுல நின்னு பந்தைப் பிடுங்கி பக்கத்துல இருக்கவனுக்கு குடுத்துட்டு போறதுதான் அவரு வேலை.

நான் பாக்கறது வேற விஷயம். அடிபட்ட பையன் உண்மைய சொல்ல மாட்டான். கணுக்கால் பெசகி விழுந்தவன்கிட்ட போய் கேட்டா "ஒண்ணுமில்லண்ணா, ஸ்ப்ரே அடிங்க போதும்"பான், வெளிய உக்கார வெச்சா அடுத்த மேட்ச்ல எடம் போயிருமோன்னு பயம். ஒரு மேட்ச்ல இப்படித்தான், விங்ல ஓடுற பொடியன் எந்திரிச்சு நொண்டிட்டே எடத்துக்கு போறான், அவங்க கேப்டன் ஸ்டாப்பர் பேக், கோலுக்கு முன்னாடி நின்னு தடுக்கறவன், பின்னாடி இருந்து வந்து தோள்ல கை போட்டு "டேய், அந்தக் கால ஊணி நாலு அடி நட பாப்பம்"னான். பையன் ரெண்டாவது அடியிலயே பல்லக் கடிச்சுட்டான். கேப்டன் பெஞ்சைப் பாத்து ரெண்டு கையையும் சுத்திக் காட்டிட்டான், ஆள மாத்துங்கன்னு. நாங்களும் அதத்தான் பாப்போம், நாலு அடி ஊணி நடக்க முடியலன்னா எக்ஸ்ரே எடுத்தே ஆகணும். இதே எடத்துல "பத்து நிமிசந்தான்டா, தாக்குப்பிடி"ன்னு சொல்ற கேப்டனும் இருக்கான், ஜெயிச்சா அவனத்தான் வீரன்னு தோள்ல தூக்குறாங்க.

தலையில அடின்னா இன்னும் மோசம், ஏன்னா அடிபட்டவனுக்கே தெரியாது. 2014 உலகக்கோப்பை ஃபைனல்ல ஜெர்மனி பையன் கிறிஸ்டோஃப் கிராமருக்கு மோதல்ல தலையில அடி, எந்திரிச்சு தொடர்ந்து ஆடுறாரு, கொஞ்ச நேரம் கழிச்சு ரெஃப்ரி ரிட்சோலிகிட்ட போய் இது ஃபைனல் மேட்ச்சான்னு கேக்கறாரு. ரெஃப்ரி அத கூட ஆடுற ஷ்வைன்ஸ்டைகர்கிட்ட சொல்லி, அப்பறந்தான் 31ஆவது நிமிசத்துல வெளிய எடுத்தாங்க. அவ்வளவு பெரிய டீம், இத்தன டாக்டருங்க, அங்கயே இப்படின்னா நம்ம அறுத்த வயல் கிரவுண்டுல யாரு கவனிக்கறது? கூட ஆடுறவன்தான். கண்ணு ஒரு மாதிரி இருக்கு, கேட்டதையே திரும்ப கேக்கறான், எந்தப் பக்கம் கோல் போஸ்ட்னு தடுமாறுறான்னா உடனே வெளிய, அன்னிக்கு திரும்ப உள்ள விடக்கூடாது, டாக்டரப் பாக்கணும்.

ரெஃப்ரி விஷயத்துக்கு வருவோம். சட்டப்படி கேப்டனுக்குன்னு தனி சலுகை ஒண்ணும் கிடையாது, டீம் ஒழுங்கா நடந்துக்கறதுக்கு ஓரளவு பொறுப்பு மட்டும் உண்டு. ஆனா 2024 யூரோ கோப்பையில (ஐரோப்பிய நாடுங்க மோதுற போட்டி) ரெஃப்ரிகிட்ட கேப்டன் மட்டுந்தான் வந்து பேசலாம்னு கொண்டு வந்தாங்க, கோலி, அதாவது கோல்கீப்பர், கேப்டனா இருந்தா அதுக்குன்னு கோல்கீப்பர் இல்லாத வேற ஒரு ஆட்டக்காரர முன்கூட்டியே சொல்லிடணும். அதனால கோலிய கேப்டனாக்கக் கூடாதுன்னு இல்ல, ஸாஃப், கசியாஸ், லோரிஸ் எல்லாம் கோலியா இருந்து உலகக்கோப்பைய வாங்கினவங்கதானே. நம்ம எல்லையில இன்னொரு சிக்கல், பசங்க தமிழ், ரெஃப்ரி மலையாளம். சூடா இருக்கற நேரத்துல "சாரே, அவனு வய்யா, ஒண்ணு நிர்த்தணே"ன்னு (சார், அவனுக்கு முடியல, கொஞ்சம் நிறுத்துங்க) பதறாம சொல்லத் தெரிஞ்சவன் இருந்தா பாதி சண்டை குறையும், நானும் சீக்கிரம் உள்ள ஓடலாம்.

எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு கோச்சுங்க கேப்பாங்க. பிராக்டீஸ் மேட்ச்ல பட்டைய மாத்தி மாத்தி கட்டி விடுங்க, கோல் வாங்கின உடனே யாரு கோலிகிட்ட போறான், யாரு கையத் தூக்கி திட்டுறான்னு மட்டும் பாருங்க. அப்பறம் பசங்கள ஒவ்வொருத்தனா தனியா கூப்பிட்டு "வலிச்சா மொதல்ல யார்கிட்ட சொல்லுவ?"ன்னு கேளுங்க. யாரு கேப்டனா வேணும்னு கேட்டா ஸ்டார் பேரச் சொல்லுவானுங்க, இந்தக் கேள்விக்கு வேற பேரு வரும். எனக்கு அந்தப் பேருதான் முக்கியம். ஸ்பான்சர் கோவிச்சுக்குவாருன்னா அவரு பையன பெனால்டி அடிக்க விடுங்க.

வைஸ் கேப்டனையும் சேத்தே முடிவு பண்ணிடுங்க, ஏன்னா கேப்டனுக்கே முட்டி திரும்பினா அவன வெளிய போடான்னு சொல்ல ஒருத்தன் வேணும், முட்டிக்குள்ள டப்புன்னு சத்தம் கேட்டு ரெண்டு மூணு மணி நேரத்துல வீங்கிருச்சுன்னா அது லிகமெண்ட், அதாவது எலும்புகள சேத்துப் பிடிச்சிருக்கற நாரு, கிழிஞ்சதா இருக்கலாம், பட்டை கட்டிருக்கோம்னு அத வெச்சுட்டு ஆடுறவனுங்களும் இருக்கானுங்க. அந்தப் பேர டாஸுக்கு முன்னாடியே பெஞ்சுல சொல்லி வெச்சிருங்க. பட்டை லூசா இருந்தா வாங்க, டேப் என் பேக்லயே இருக்கு.