பதினாலு நாளில் பத்து ஊர்

பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம், பெர்லின், பிராக், வியன்னா, புடாபெஸ்ட், வெனிஸ், ஃபுளோரன்ஸ், ரோம். கோடு போட்ட தாளில் இப்படி வரிசையாக எழுதி, நாலாக மடித்துக் கொண்டுவந்திருந்தார் ஒரு தம்பி. பெங்களூரில் வேலை. அவரும் கல்லூரி நண்பர்கள் இரண்டு பேரும் முதுகுப் பையோடு கிளம்புகிறார்களாம். லீவு பதினாலு நாள்.

"பக்கத்து பக்கத்து ஊருதான அண்ணாச்சி, ஒரு எட்டு பாத்துட்டு வந்துரலாம்லா?" என்றார்.

பாளையங்கோட்டையில் பல வருடமாக டிராவல்ஸ் நடத்துகிறேன். முன்பெல்லாம் என் மேஜைக்கு வந்தது பெரும்பாலும் வளைகுடா வேலைக்கான டிக்கெட்தான். இப்போது மாதம் இரண்டு பேராவது இந்த மாதிரிப் பட்டியலோடு வருகிறார்கள். வெளிநாட்டு ரயிலையும் விமானத்தையும் போனிலேயே போட்டுக்கொள்ளத் தெரிந்த பிள்ளைகள். விசாவில் சிக்கல் வந்தபிறகோ, பணம் போனபிறகோதான் என்னிடம் வருகிறார்கள். அதற்கு முன்பே தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அந்தத் தம்பியிடம் நான் கேட்டது ஒரே கேள்வி. நவதிருப்பதி போயிருக்கிறீர்களா? போயிருக்கிறார். புரட்டாசி சனிக்கிழமை, வேனில், குடும்பத்தோடு, ஒரே நாளில் ஒன்பது கோயில். சரி, மரக்காலைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கிற பெருமாள் எந்த ஊர்? யோசித்தார். திருப்புளியங்குடி என்றார். அங்கேயும் பெருமாள் படுத்துத்தான் இருக்கிறார். ஆனால் மரக்கால் இருப்பது திருக்கோளூரில். ஸ்ரீவைகுண்டத்தைச் சுற்றி, ஆற்றங்கரையை ஒட்டிக் கிடக்கிற கோயில்களே ஒரு நாள் ஓட்டத்தில் இப்படிக் கலந்து போகின்றன. அதிலும் பன்னிரண்டு மணிக்கு நடை சாத்திவிடுவார்கள் என்ற பயத்தில் பாதிக் கோயிலில் பிரகாரம்கூடச் சுற்றியிருக்க மாட்டோம்.

தாளைத் திருப்பிப் போட்டுக் கணக்குப் பார்த்தோம். பதினாலு நாளில் நெல்லையில் இருந்து சென்னை போக, அங்கிருந்து பறக்க, அதேபோலத் திரும்பி வர என்று நாலு நாள் கழிந்துவிடும். மீதம் பத்து. பத்து ஊர் என்றால் ஒன்பது தடவை இடம் மாற வேண்டும். ஒரு மாற்றத்துக்கு அரை நாள் என்று நான் வைப்பேன். பாரிஸில் இருந்து பிரஸ்ஸல்ஸுக்கு ரயிலில் 1 மணி 22 நிமிடம்தானே என்பார்கள். ரயில் ஓடும் நேரம் அதுதான். ஆனால் ஹாஸ்டலைக் காலை பத்து, பதினோரு மணிக்குள் காலி செய்ய வேண்டும். ஸ்டேஷனுக்கு மெட்ரோவில் முக்கால் மணி நேரம், அங்கே காத்திருப்பு, இறங்கியபின் புது ஊரில் வழி தேடல். போய்ச் சேர்ந்தாலும் ரூம் தருவது பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்குத்தான். அதுவரை பை தோளில் தொங்கும், அல்லது காசு கொடுத்து லாக்கரில் வைக்க வேண்டும். ஆம்ஸ்டர்டாம் - பெர்லின் ஏறக்குறைய ஆறு மணி நேரம். அது அரை நாள் இல்லை, முழு நாள். புடாபெஸ்டில் இருந்து வெனிஸுக்கு நேர் ரயிலே கிடையாது. ஒன்பது அரை நாளைக் கழித்தால் பத்து ஊருக்கு மிஞ்சுவது ஐந்தரை நாள். ஊருக்கு ஏறக்குறைய அரை நாள்தான் தேறும்.

அதனால் என்னிடம் வருகிறவர்களிடம் ஊரை எண்ணாதீர்கள், ராத்திரியை எண்ணுங்கள் என்பேன். இரண்டு ராத்திரிக்குக் குறைவாகத் தங்கும் ஊரைப் பட்டியலில் இருந்து எடுத்துவிடலாம், அல்லது பக்கத்து ஊரில் தங்கி, பை இல்லாமல் பகலில் போய்வரலாம்.

ராத்திரிக் கணக்குக்கு இன்னொரு முக்கியமான உபயோகம் விசா. ஷெங்கன் விசா ஒன்று எடுத்தால் ஐரோப்பாவின் 29 நாடுகளுக்கும் செல்லும், 180 நாளில் 90 நாள் வரை தங்கலாம். ஆனால் விண்ணப்பத்தை எந்த நாட்டிடம் கொடுப்பது என்பதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். அதிக நாள் தங்கும் நாட்டிடம் கொடுக்க வேண்டும். எல்லா நாட்டிலும் சமமான நாள் என்றால் முதலில் நுழையும் நாடு. நம் தம்பி பாரிஸில் இறங்குவதால் பிரான்ஸ் என்று நினைத்திருந்தார். அவர் தாளில் இத்தாலியில் மட்டும் மூன்று ஊர், மூன்று ராத்திரி. ஆக, அந்தத் திட்டத்துக்கு இத்தாலி. எந்த நாட்டுக்கு அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் கிடைக்கிறதோ அங்கே போட்டுவிட்டு வேறு நாட்டில் சுற்றலாம் என்று யோசனை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல மாட்டேன். விண்ணப்பத்திலேயே நிராகரிக்கலாம், தப்பித்துப் போனாலும் விமான நிலையத்தில் ஓட்டல் பதிவைக் காட்டச் சொல்லி உட்கார வைக்கலாம்.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி கெடு பயணத்துக்கு 15 நாள் முன்பு, ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். சில விண்ணப்பங்களை 45 நாள் வரைக்கும் வைத்திருக்க விதியில் இடம் உண்டு. 2024 ஜூனில் இருந்து பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. நிராகரித்தால் திரும்ப வராது. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். பாஸ்போர்ட் அங்கிருந்து கிளம்பும் தேதிக்குப் பின்னும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும்.

ஓட்டமான திட்டங்களில் ஒரு ஓட்டை அடிக்கடி பார்க்கிறேன். பத்து ராத்திரிக்கு ஒன்பது ஓட்டல் பதிவுதான் இருக்கும். பத்தாவது எங்கே என்றால், "அன்னைக்கு ராத்திரி ரயில்ல போறோம் அண்ணாச்சி" என்பார்கள். விண்ணப்பத்தைப் பார்க்கிற அதிகாரிக்கு அது எப்படித் தெரியும்? அந்த ரயில் டிக்கெட்டை வைத்து, முகப்புக் கடிதத்திலும் ஒரு வரி எழுத வேண்டும். நடுவில் லண்டன் போய்விட்டுத் திரும்ப பாரிஸ் வருகிறவர்களுக்கு வேறு ஓட்டை. பிரிட்டனுக்கு விசா தனி. அது போக, ஷெங்கன் விசாவில் ஒருமுறை நுழைவு என்று அடித்திருந்தால் லண்டனுக்குக் கிளம்பிய நிமிடமே அது முடிந்துபோகும். திரும்ப உள்ளே விட மாட்டார்கள்.

அப்புறம், தேதி. நம் ஊர்க் கணக்கில் விடிந்தால்தான் மறுநாள். விமானக் கணக்கில் நள்ளிரவு தாண்டினால் மறுநாள். சென்னையில் இருந்து வெளிநாட்டு விமானங்கள் பல நள்ளிரவுக்குப் பிறகுதான் கிளம்புகின்றன. சனிக்கிழமை 1.40 என்று டிக்கெட்டில் இருந்தால் வெள்ளிக்கிழமை இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். சனிக்கிழமை ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் பெட்டியோடு போய் நின்ற ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். படித்தவர்கள்தான். அன்று முதல் என் கடையில் டிக்கெட் கொடுக்கும்போது, "வெள்ளி ராத்திரி" என்று சிவப்புப் பேனாவால் எழுதிக் கொடுக்கிறேன்.

பெயர் விஷயம் நம்மவர்களுக்கே உரியது. இனிஷியலை விட்டுவிட்டு ஒற்றைப் பெயரில் பாஸ்போர்ட் எடுத்திருப்போம். குடும்பப் பெயர்க் கட்டம் காலி. விமான நிறுவனங்களின் இணையதளம் அந்தக் கட்டத்தைக் காலியாக விட ஒப்புக்கொள்ளாது. ஒரு நிறுவனம் அதே பெயரை இரண்டு தடவை போடச் சொல்லும், இன்னொன்று வேறு மாதிரிச் சொல்லும். ஐந்து விமானம் மாறுகிற திட்டத்தில் ஐந்து டிக்கெட்டில் ஐந்து விதமாகப் பெயர் இருந்தால் கவுன்டரில் நிற்கும்போது தெரியும். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா வருகிறவர்களை ஏற்பதில்லை என்று அறிவித்தது. பிறகு இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று தளர்த்தினார்கள். போகிற வழியில் துபாயில் இரண்டு நாள் சுற்றலாம் என்று நினைப்பவர்கள் முதலில் பாஸ்போர்ட்டைத் திறந்து பாருங்கள். நேரம் இருந்தால் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்துப் புது பாஸ்போர்ட் எடுத்துவிடுவது நிம்மதி.

டிக்கெட்டை எப்படி வாங்குவது? சென்னை - பாரிஸ், பாரிஸ் - சென்னை என்று போகவர வாங்கிவிட்டு, கடைசி ஊரான ரோமில் இருந்து பாரிஸுக்குத் தனியாகக் காசு கொடுத்துத் திரும்புகிறவர்கள் உண்டு. ஒரு நாளும் போச்சு, பணமும் போச்சு. பாரிஸில் இறங்கி ரோமில் ஏறுகிற மாதிரி ஒரே டிக்கெட்டாகப் போடலாம். 'மல்டி சிட்டி' என்று தேடினால் வரும். விலை பெரும்பாலும் பக்கத்தில்தான் இருக்கும். நெல்லைக்காரர்கள் சென்னையை மட்டும் பார்க்காமல் திருவனந்தபுரத்தையும் பாருங்கள். காரில் ஏறினால் நாகர்கோவில் வழியாக அரை நாளுக்குள் போய்விடலாம்.

வாகைக்குளத்தில், அதாவது தூத்துக்குடி விமான நிலையத்தில், ஏறி சென்னையில் மாறுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இரண்டும் தனித்தனி பி.என்.ஆர். (பதிவு எண்) என்றால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். ஐப்பசியில் இருந்து மார்கழி வரை நம் பக்கம் மழைக்காலம். 2023 டிசம்பர் 17 வெள்ளத்தில் திருச்செந்தூரில் இருந்து கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றதையும், உள்ளே நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கிக்கொண்டதையும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த மாதங்களில் பயணம் என்றால் ஒரு நாள் முன்னதாகவே சென்னை போய்விடுங்கள்.

அங்கே போனபின்னும் இதே கதைதான். ஃபிராங்க்பர்ட்டில் மாறி பாரிஸ் போகிறவர்களுக்குக் குடியேற்றச் சோதனை ஃபிராங்க்பர்ட்டிலேயே நடக்கும். 2025 அக்டோபர் 12 முதல் கைரேகையும் முகப்படமும் எடுத்துப் பதிகிற புது முறையைத் தொடங்கியிருக்கிறார்கள், வரிசை நீளம். அந்த இடத்தில் ஒரு மணி நேர இடைவெளி வைத்து டிக்கெட் போடாதீர்கள். மலிவு விலை விமானங்களில் இருக்கைக்கு அடியில் நுழைகிற சின்னப் பை மட்டும்தான் பல சமயம் இலவசம். இறக்கிவிடும் இடத்தையும் வரைபடத்தில் பாருங்கள். பாரிஸ் போவே என்ற விமான நிலையம் பாரிஸில் இருந்து சுமார் 85 கிலோமீட்டர். திருநெல்வேலி என்று டிக்கெட் கொடுத்து நாகர்கோவிலில் இறக்கிவிட்டால் எப்படி இருக்கும்?

ரயில் பாஸ் வாங்கினால் எல்லாவற்றிலும் ஏறிவிடலாம் என்றும் எண்ண வேண்டாம். யூரோஸ்டார், பிரான்ஸின் டி.ஜி.வி., இத்தாலியின் அதிவேக ரயில்கள் எல்லாவற்றுக்கும் பாஸுக்கு மேல் இருக்கைக் கட்டணம் தனி. ஜெர்மனி, ஆஸ்திரியாவில் பெரும்பாலும் அப்படி இல்லை. இத்தாலியில் உள்ளூர் ரயிலுக்குக் காகித டிக்கெட் வாங்கினால், ஏறும் முன் பிளாட்பார மிஷினில் முத்திரை குத்த வேண்டும். குத்தாவிட்டால் காசு கொடுத்து வாங்கிய டிக்கெட்டுக்கே அபராதம். ராத்திரி ரயில் மட்டும் நான் தாராளமாகச் சொல்வேன். நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்து எழும்பூரில் கண்விழித்துப் பழகிய நமக்கு அது புதிதில்லை. ஓட்டல் காசும் மிச்சம், பகலும் மிச்சம்.

நடை சாத்துகிற நாளையும் கவனிக்க வேண்டும். பாரிஸின் லூவர் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஃபுளோரன்ஸின் உஃபிஸி ஓவியக்கூடம் திங்கட்கிழமை. ஆம்ஸ்டர்டாமில் ஆன் ஃபிராங்க் வீட்டுக்கு இணையத்தில் மட்டும்தான் டிக்கெட். ஒவ்வொரு செவ்வாயும், ஆறு வாரம் கழித்து வரும் நாட்களுக்கானதைத் திறந்துவிடுவார்கள். ஊருக்கு ஒரு நாள் வைத்திருப்பவருக்கு அந்த ஒரு நாள் செவ்வாயாக அமைந்தால் லூவரின் கண்ணாடிப் பிரமிடை வெளியே நின்று பார்த்துவிட்டு வர வேண்டியதுதான்.

பை ஏழு கிலோவுக்குள் இருக்கட்டும். அடைத்து முடித்ததும் அதைத் தோளில் மாட்டி, பாளை பஸ் ஸ்டாண்டில் இருந்து கொக்கிரகுளம், சுலோச்சன முதலியார் பாலம் தாண்டி ஜங்ஷன் வரை நடந்து பாருங்கள். ஆற்றுப் பாலத்திலேயே எதை எடுத்து வெளியே வைப்பது என்று புரிந்துவிடும். பவர் பேங்க் கைப்பையில்தான், 100 வாட்-ஹவர் (Wh) அளவுக்குள். அம்மா கொடுக்கும் நெய் பாட்டிலை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோகாதீர்கள். பால் பொருளும் இறைச்சியும் வெளியில் இருந்து கொண்டுவர அங்கே தடை. வேடிக்கை என்னவென்றால் கருவாட்டுக்கு அந்தத் தடை இல்லை. பக்கத்துப் படுக்கைக்காரர் விடுவாரா என்பது வேறு. துபாய் வழியாகப் போகிறவர்கள் குருமாவுக்கு என்று கசகசா எடுத்துக்கொள்ளவே கூடாது, அங்கே தடை செய்யப்பட்ட பொருள்.

தம்பியின் தாளில் கடைசியில் மிஞ்சியது ஐந்து ஊர். பாரிஸ் மூன்று ராத்திரி, ஆம்ஸ்டர்டாம் இரண்டு, அங்கிருந்து விமானத்தில் வியன்னா இரண்டு, ராத்திரி ரயிலில் ஒன்று, வெனிஸில் காலையில் இறங்கிப் பகல் முழுக்கச் சுற்றிவிட்டு மாலையில் ரோம், அங்கே இரண்டு. வெனிஸில் தங்காமல் பகலில் மட்டும் வருகிறவர்களிடம் குறிப்பிட்ட சில நாட்களில் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள், 2024-ல் தொடங்கியது. அதையும் கணக்கில் சேர்த்தோம். புதுக் கணக்குப்படி அதிக ராத்திரி பிரான்ஸில் என்பதால் விண்ணப்பமும் பிரான்ஸுக்கே போனது. பெர்லினை அடித்தபோதுதான் அவர் முகம் சுண்டிப்போனது.

போய்விட்டு வந்து, சாக்லேட் டப்பாவோடு கடைக்கு வந்தார். வியன்னாவில் இரண்டாம் நாள் மழையாம். எங்கும் போகாமல் ஒரு காபிக்கடையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்ததைத்தான் அதிகம் பேசினார். பேசிக்கொண்டே சட்டைப் பையில் இருந்து இன்னொரு தாளை எடுத்தார். ஜப்பான், எட்டு நாள், ஏழு ஊர்.

"அங்க ரயில் லேட்டே ஆவாதுலா அண்ணாச்சி" என்றார்.