ஃபர்னஸை எப்போது மாற்ற வேண்டும்?

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், அழையாமல் வீடு தேடி வந்து ஃபர்னஸ் (குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் கருவி) விற்பதற்கு 2018 மார்ச் முதல் தடை இருக்கிறது. ஆனாலும் ‘உங்கள் ஃபர்னஸுக்கு வயதாகிவிட்டது, மாற்றிவிடுங்கள்’ என்ற பேச்சு ஓயவில்லை. எரிவாயு ஃபர்னஸ் ஒன்று 15 முதல் 20 ஆண்டுகள் வரை உழைக்கும் என்பது ஒரு சராசரிக் கணக்கு. மருந்துப் புட்டியில் அச்சிட்ட காலாவதித் தேதி அல்ல. அதன் எந்தப் பாகம் தேய்ந்திருக்கிறது என்பதைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

வீட்டின் வெப்பநிலையைக் கண்காணிக்கும் தெர்மோஸ்டாட் வெப்பம் கேட்டதும், ஒரு சிறிய விசிறி முதலில் சுழன்று புகைவழியில் இழுவையை உண்டாக்குகிறது. அந்த இழுவையை அழுத்த ஸ்விட்ச் உறுதிசெய்த பிறகுதான் தீமூட்டி சிவக்கக் காய்கிறது. வாயு வால்வு திறக்கிறது. சுடர் உலோகக் குழல்களுக்குள் எரிய, அவற்றின் வெளிப்புறத்தை ஒட்டிப் பெரிய விசிறி வீட்டுக் காற்றைச் செலுத்துகிறது. உள்ளே நச்சுப்புகை, வெளியே நாம் சுவாசிக்கும் காற்று. இரண்டையும் பிரிப்பது அந்தக் குழல்களின் மெல்லிய சுவர் மட்டுமே. இந்தக் குழல் தொகுதிதான் வெப்பப் பரிமாற்றி.

ஒவ்வொரு முறை எரியும்போதும் இந்த உலோகம் விரிகிறது, அணையும்போது சுருங்குகிறது. பல ஆயிரம் முறை இப்படி நடந்தால், வளைவுகளிலும் இணைப்புகளிலும் உலோகம் களைத்து வெடிப்பு விடுகிறது. அழுக்கேறிய ஃபில்டரால் காற்றோட்டம் குறைந்தால் உலோகம் அளவுக்கு மீறிச் சூடாகி, இந்தச் சேதம் இன்னும் விரைவாக நேர்கிறது. வெடிப்பின் வழியே புகை வீட்டுக்குள் கசியும் என்று மட்டும் பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில், பெரிய விசிறி தள்ளும் காற்று குழலுக்குள் புகுந்து சுடரைக் கலைப்பதும் உண்டு. கலைந்த சுடரில் வாயு முழுமையாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு அதிகமாக உருவாகிறது. நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு, இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்புடன் ஒட்டிக்கொள்கிறது.

இதற்கான அறிகுறி ஒன்றைக் கண்ணாலேயே காணலாம். வாயு எரியும் முனையான பர்னர் பற்றியவுடன் நீலச் சுடர்கள் நேராக, அசையாமல் நிற்கும். சுமார் அரை நிமிடம் கழித்துப் பெரிய விசிறி சுழலத் தொடங்கும் அந்தக் கணத்தில் சுடர்கள் ஆடினாலோ மஞ்சளாகினாலோ, பரிமாற்றியின் மீது சந்தேகம் கொள்ள இடமிருக்கிறது. வெடிப்பு உறுதியானால் வயதைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை; ஃபர்னஸை அணைத்துவிட வேண்டியதுதான். பல தயாரிப்பாளர்கள் பரிமாற்றிக்கு மட்டும் நீண்ட உத்தரவாதம் தருகிறார்கள் என்றாலும், அதை மாற்றும் கூலி பெரும்பாலும் அதில் அடங்காததால், பழைய ஃபர்னஸில் அந்த வேலையைச் செய்வது கட்டுப்படியாவதில்லை.

மற்றப் பழுதுகள் அப்படியல்ல. ஃபர்னஸ் பற்றிக்கொண்ட சில நொடிகளில் அணைந்துபோனால், பல வேளைகளில் குற்றவாளி சுடரை உணரும் ஒரு மெல்லிய உலோகக் கம்பிதான். சுடர் வழியே பாயும் சில மைக்ரோ ஆம்பியர் மின்னோட்டத்தை வைத்தே அது நெருப்பு இருப்பதை அறிகிறது. மேலே படலம் படிந்தால் உணர்வு மங்கிவிடும். தேய்த்துச் சுத்தம் செய்தால் தீரும் இந்தக் குறைக்காக யாராவது புது ஃபர்னஸ் விற்க முனைந்தால், இன்னொருவரையும் அழைத்துக் கேட்பது நல்லது.

அடுத்தது எரிபொருள் சிக்கனம். வாயு எரியும்போது உண்டாகும் நீராவி, வெப்பத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைச் சுமந்து செல்கிறது. பழைய வகை ஃபர்னஸ்கள் அதைப் புகைபோக்கி வழியே வெளியேற்றிவிடும். புதியவை இரண்டாவது பரிமாற்றி ஒன்றில் நீராவியைக் குளிர்வித்து நீராக்கி, அந்த வெப்பத்தையும் மீட்கின்றன. ஆண்டுக்கு 2,000 கன மீட்டர் வாயு எரிக்கும் வீட்டில் 80 சதவீதத் திறனுள்ள ஃபர்னஸை எடுத்துவிட்டு 96 சதவீதத் திறனுள்ளதை வைத்தால், சுமார் 333 கன மீட்டர் மிச்சமாகும். அதே வீட்டில் 95 சதவீதத்திலிருந்து 97 சதவீதத்துக்குப் போனால் மிச்சம் 41 கன மீட்டர்தான். கனடாவில் குறைந்தபட்சத் திறன் 2009 இறுதியில் 90 சதவீதமாகவும், 2019 ஜூலையில் 95 சதவீதமாகவும் உயர்த்தப்பட்டது. ஆகவே கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பொருத்திய ஃபர்னஸைச் சிக்கனத்துக்காக மட்டும் மாற்றுவது, என் கணிப்பில், வீண் செலவு.

மாற்றுவது என்று முடிவானால், ஜனவரிக் குளிரில் அது நின்றுபோகும்வரை காத்திராமல், நிதானமாக விலை விசாரிக்கக்கூடிய கோடையில் செய்வது மேல். பழையதன் அளவையே திரும்ப வாங்கவும் கூடாது. ஜன்னல்களையும் கூரையின் வெப்பக் காப்பையும் புதுப்பித்த வீட்டுக்கு முன்பைவிடச் சிறிய ஃபர்னஸ் போதும்; அளவு மிஞ்சியது அடிக்கடி எரிந்து அடிக்கடி அணைந்து, பரிமாற்றியை வேகமாகக் களைக்கச் செய்யும். பழைய ஃபர்னஸும் வாயுவில் சூடாகும் வெந்நீர்த் தொட்டியும் ஒரே புகைபோக்கியைப் பகிர்ந்திருந்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். புது ஃபர்னஸின் புகை பிளாஸ்டிக் குழாய் வழியே சுவரைத் துளைத்து வெளியேறும். அகலமான பழைய புகைபோக்கியில் தொட்டியின் சிறிதளவு புகை மட்டும் ஏறி, வழியிலேயே குளிர்ந்து, செங்கல்லை நனைக்கும், சில வேளை வீட்டுக்குள்ளேயே திரும்பும். புகைபோக்கிக்குள் ஒடுக்கமான உலோக உறை இறக்கும் செலவும் விலைப்பட்டியலில் சேர்ந்திருக்கிறதா என்று கையெழுத்திடும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.