இல்லாத காலின் நோவுக்கு ஒரு நிலைக்கண்ணாடி

காரைநகர் கசூரினா கடற்கரையில், வெயில் ஏறுமுன், ஈரமணலில் பதிந்த ஒரு காலடியைப் படம் எடுங்கள். சூரியன் உங்களுக்கு நேர் எதிரே, தாழ்வாக இருக்கவேண்டும். பிறகு போனைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள் (படம் தானாகத் திரும்பாதபடி பூட்டிவிடுங்கள்). குழியாக இருந்த பாதம் மேடாக எழும்பி நிற்கும். படத்தில் ஒரு புள்ளியும் மாறவில்லை. வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று மூளை கணக்கு வைத்திருக்கிறது. மேல்விளிம்பு வெளிச்சமாகவும் கீழ்விளிம்பு இருளாகவும் தெரிந்தால் மேடு, மாறித் தெரிந்தால் குழி.

பின்னாளில் இல்லாத கையின் நோவுக்குக் கண்ணாடியைக் கொண்டுவந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் 1988இல் இந்தக் கணக்கை நுணுகி ஆராய்ந்து வெளியிட்டார். அதில் எனக்கு மிகப் பிடித்த முடிவு, 'மேல்' என்பதை மூளை வானத்தை வைத்துத் தீர்மானிப்பதில்லை, தலையை வைத்தே தீர்மானிக்கிறது என்பது. படத்தை அப்படியே வைத்துவிட்டு, நீங்கள் குனிந்து கால்களுக்கு இடையால் பார்த்தாலும் குழி மேடாகும்.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்று, கலிபோர்னியாவின் சான் டியேகோவில் பேராசிரியரானவர் அவர். தாளும் பென்சிலும் போதுமான சோதனைகளையே நெடுங்காலம் செய்தார். குருட்டுப்புள்ளி ஆய்வும் அப்படியானதே. வெள்ளைத்தாளில் ஒரு சிலுவைக் குறியும், அதற்கு வலப்புறம் 8 சென்ரிமீற்றர் தள்ளி ஒரு கறுப்புப் புள்ளியும் இடுங்கள். இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் சிலுவையையே பார்த்தபடி தாளை 30 சென்ரிமீற்றர் தூரத்தில் முன்பின் நகர்த்துங்கள். ஓரிடத்தில் புள்ளி மறையும். அங்கே ஓட்டை தெரியாது, தாளின் வெள்ளைதான் தெரியும். சுமார் 10 லட்சம் நரம்பிழைகள் கண்ணைவிட்டு வெளியேறும் அந்த இடத்தில் ஒளியை உணரும் கலங்கள் இல்லை. சுற்றியுள்ளதை வைத்து மூளையே நிரப்பிக்கொள்கிறது.

இல்லாததை மூளை எப்படி நிரப்புகிறது என்ற இதே கேள்வியுடன்தான் 1990களில் அவர் கை இழந்தவர்களிடம் போனார். பஞ்சுக்குச்சியால் கன்னத்தைத் தொட்டபோது, இல்லாத கையின் விரலில் தொடுவதாகச் சிலர் சொன்னார்கள். மூளையின் உடல் வரைபடத்தில் முகமும் கையும் அடுத்தடுத்த வளவுகள். கையிலிருந்து செய்தி நின்றதும் முகத்தின் செய்தி வேலி தாண்டி அங்கே நுழைகிறது என்பது அவர் விளக்கம்.

சிலருக்கு இல்லாத கை இறுக மூடி, நகம் உள்ளங்கையில் குத்துவதுபோல் வலித்தது. 'திற' என்று மூளை கட்டளையிடுகிறது, 'திறந்தேன்' என்ற பதில் வருவதில்லை. அந்தப் பதிலைக் கண்வழியாகக் கொடுத்தால் என்ன என்று அவர் யோசித்தார். மட்டைப்பெட்டியின் நடுவே ஒரு கண்ணாடியை நிறுத்தி, நல்ல கையின் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் விழச் செய்தார். 1996இல் வெளியான ஆய்வில், இந்த இறுக்கம் இருந்த 5 பேரில் 4 பேருக்கு அது தளர்ந்தது. ஏன் என்பதற்கான விளக்கத்தில் இன்றும் விவாதம் உண்டு.

யாழ்ப்பாணத்தில் இது தூரத்துச் செய்தி அல்ல. மிதிவெடியிலும் ஷெல்லிலும் கால் போனவர்கள், சலரோகப் புண்ணால் கால் எடுக்கப்பட்டவர்கள் நம் ஊர்கள் எங்கும் இருக்கிறார்கள். இல்லாத பாதம் இரவில் எரிகிறது என்று ஒருவர் சொன்னால் அதை மனப்பிரமை என்று தள்ளுவது பெரும் பிழை. நோவு மெய்யானது.

காலுக்கான முக்கிய சோதனை அமெரிக்க இராணுவ மருத்துவமனை ஒன்றில் நடந்து 2007இல் வெளியானது. நாளுக்கு 15 நிமிடம், 4 வாரம். கண்ணாடி பார்த்த 6 பேருக்கும் நோவு குறைந்தது. கண்ணாடியைத் துணியால் மூடிப் பயிற்சி செய்த 6 பேரில் ஒருவருக்கே குறைந்தது. சிறிய சோதனைதான். பின்னர் வந்த ஆய்வுகள் எல்லாம் இவ்வளவு தெளிவாக இல்லை.

செய்யும் முறை: ஏறத்தாழ 4 அடி உயரம், ஒன்றரை அடி அகல நிலைக்கண்ணாடி போதும். விளிம்புகளில் ரேப் ஒட்டுங்கள். பொய்க்காலைக் கழற்றி, பாயில் கால் நீட்டி இருந்து, கண்ணாடியைக் கால்களுக்கு நடுவே நீளவாட்டில் நிறுத்துங்கள். முகப்பு நல்ல காலைப் பார்க்கவேண்டும், வெட்டுப்பட்ட கால் பின்னால் மறையவேண்டும். தலையைச் சற்று நல்ல காலின் பக்கம் சாய்த்தால் பிம்பம் மற்றத் தொடையின் தொடர்ச்சியாகத் தெரியும். இல்லாத பாதம் முறுகியிருப்பதாக உணர்ந்தால் முதலில் நல்ல பாதத்தையும் அதேபோல் முறுக்கி, அங்கிருந்து மெதுவாக நேராக்குங்கள். இரண்டு காலையும் ஒன்றாக அசைக்க முயலவேண்டும். நல்ல காலை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தால் கட்டளை பிறக்காது, வெறும் வேடிக்கைதான்.

வேகமாக அசைத்தால் இல்லாத கால் இருப்பதுபோன்ற தோற்றமயக்கம் கலையும். மலிவான பிளாஸ்ரிக் கண்ணாடி காலை நெளித்துக் காட்டும். நல்ல காலில் பெரிய தழும்போ கொலுசோ இருந்தால் 'இது என் மற்றக் கால் அல்ல' என்று கண் கண்டுபிடித்துவிடும். சிலருக்குத் தலைசுற்றும். இழந்த காலைத் திரும்பக் கண்டதும் சிலர் அழுவார்கள். ஆகவே முதல் நாட்களில் இயன்மருத்துவர் பக்கத்தில் இருப்பது அவசியம். இரண்டு காலும் இழந்தவருக்கு இந்த முறை பொருந்தாது.

தொடங்குமுன் நோவு எங்கே என்று கேளுங்கள். இல்லாத விரலிலா, வெட்டிய முனையிலா? முனையில் ஓரிடத்தை அழுத்தினால் மின்சாரம் அடிப்பதுபோல் இருந்தால், அறுந்த நரம்பின் நுனி திரண்டிருக்கலாம். அதை வைத்தியர் பார்க்கவேண்டும். நடக்கும்போது மட்டும் முனை நொந்து தோல் சிவந்தால், திருத்தவேண்டியது பொய்க்காலில் முனை உட்காரும் கிண்ணத்தை.